இணையத்தில் இடம் தேடுவோர் தம் தேவையை எடுத்துரைக்கும் முறை

(சிறுதொழில் முனைவோருக்கும் கூட்டுறவுச் சங்க நிர்வாகிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் ஆற்றப்பட்ட உரை)

நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15ஆம் நாளன்று விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனத்தின் வாயிலாக அறிமுகமாயிற்று. சொந்தமாக ஓர் இணையதளம் வைத்திருப்பது அந்நாளில் பெரும் நிறுவனங்களுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் மட்டுமே இயலக்கூடியதாக இருந்தது. இன்று நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும், தேன் உற்பத்தியாளர் குழுவும், மாவட்டத் தலைநகரில் உள்ள சிறு அச்சகமும், மாலை நேரத் தனிப்பயிற்சி நிலையமும் தமக்கென ஓர் இணையதளம் வேண்டும் என்று விரும்புகின்றன. இது வரவேற்கத்தக்க மாற்றமாகும்.

ஆயினும், விருப்பம் செயலாக மாறும் கட்டத்தில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது. இணையதளங்களுக்கு இடவசதி அளிக்கும் சேவை ஹோஸ்டிங் என்று வழங்கப்படுகிறது. இச்சேவையை விற்கும் நிறுவனங்கள் மிகப் பல. அவற்றின் விளம்பரங்களோ ஏறத்தாழ ஒன்று போலவே உள்ளன. புதிதாக வருபவர் இவற்றின் நடுவே நின்று கேட்கும் முதற்கேள்வி, பெரும்பாலும், "மலிவான ஹோஸ்டிங் எது?" என்பதாகவே இருக்கிறது. இக்கேள்விக்கு எவராலும் பயனுள்ள விடை கூற இயலாது. எத்தனை பேர் குடியிருக்கப் போகிறார்கள் என்பதைச் சொல்லாமல் ஒரு கொத்தனாரிடம் வீடு கட்டும் செலவைக் கேட்பதற்கு இது ஒப்பாகும். தேவையைத் தெளிவாக எடுத்துரைக்கும் திறன் இங்கே வெறும் கடிதம் எழுதும் திறன் போல் தோன்றினாலும், சிறிய நுகர்வோர் ஒருவருக்குச் சந்தையில் கிடைக்கக்கூடிய முதன்மையான பாதுகாப்பு அதுவேயாகும்.

விற்கப்படும் பொருள் யாது?

உலகின் முதல் இணையதளம் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்தில், டிம் பெர்னர்ஸ் லீ என்பவரின் மேசைக் கணினியில் 1990ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. அக்கணினியை எவரும் தவறுதலாக நிறுத்திவிடக் கூடாது என்று எச்சரிக்கும் சீட்டு ஒன்று சிவப்பு மையால் எழுதி அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. ஹோஸ்டிங் என்பதன் சாரம் முழுவதும் அச்சீட்டில் அடங்கியிருக்கிறது. இணையதளம் என்பது எங்கோ ஓரிடத்தில் இரவு பகலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியில் வைக்கப்பட்ட கோப்புகளின் தொகுப்பேயாகும். அக்கணினி சர்வர் எனப்படுகிறது. மின்சாரம், குளிர்விப்பு, இணைய இணைப்பு, காவல், பழுதுபார்ப்பு ஆகியவற்றோடு சேர்த்து அதில் ஒரு பகுதியை வாடகைக்குத் தருவதே ஹோஸ்டிங் நிறுவனத்தின் தொழில்.

வாடகை முறைகள் பலவகைப்படும். ஒரே சர்வரை நூற்றுக்கணக்கான இணையதளங்கள் பகிர்ந்துகொள்வது பகிர்வு முறை. இது மலிவானது. ஒரு சர்வரைப் பல தடுப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனிக் கணினி போலப் பயன்படுத்தத் தருவது வி.பி.எஸ். முறை. முழுச் சர்வரையும் ஒருவருக்கே ஒதுக்குவது தனிச் சர்வர் முறை. பயன்படுத்திய அளவுக்கேற்பக் கட்டணம் வசூலிப்பது கிளவுட் முறை. இவற்றில் எது உயர்ந்தது என்ற வினாவுக்குப் பொருளில்லை. எந்தப் பணிக்கு எது போதுமானது என்பதே வினா.

பகிர்வு முறையின் பொருளாதாரம் சற்று விளக்கத்திற்குரியது. வைப்புத் தொகை வைத்திருப்போர் அனைவரும் ஒரே நாளில் பணம் கேட்டு வரமாட்டார்கள் என்ற கணக்கில் வங்கி கடன் வழங்குகிறது. அதுபோலவே, வாடிக்கையாளர் அனைவரும் ஒரே நேரத்தில் முழு வசதியையும் பயன்படுத்தமாட்டார்கள் என்ற கணக்கில்தான் ஹோஸ்டிங் நிறுவனம் "வரம்பற்ற இடம்" என்று விளம்பரம் செய்கிறது. வரம்பு இல்லாமல் இல்லை. கோப்புகளின் எண்ணிக்கை, ஒரே நேரத்தில் பயன்படுத்தக்கூடிய நினைவகம், நியாயமான பயன்பாடு என்ற பெயரில் விதிக்கப்படும் நிபந்தனை ஆகியவற்றில் அது மறைந்திருக்கிறது. தன் தேவையை அளவிட்டுச் சொல்லாதவர், இந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பதைத் தம் இணையதளம் முடங்கும் நாளில்தான் அறிகிறார்.

அறிவில் சமமற்ற சந்தை

விற்பவருக்குப் பொருளின் தரம் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத சந்தையில் என்ன நிகழும் என்பதை ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் பொருளாதார அறிஞர் 1970இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் ஆராய்ந்தார். பழைய மோட்டார் கார்களின் விற்பனையை அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டார். தரத்தைப் பிரித்தறிய இயலாத நிலையில் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தர முன்வரமாட்டார். அவ்விலை கட்டுபடியாகாத நல்ல பொருள் சந்தையை விட்டு விலகும். மட்டமான பொருள் எஞ்சும். இவ்வாய்வுக்காக 2001ஆம் ஆண்டில் மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் அவர் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

ஹோஸ்டிங் சந்தை இவ்விதிக்கு விலக்கன்று. சர்வர் இருக்கும் மையத்தை வாங்குபவர் நேரில் காண்பதில்லை. காப்புப் பிரதி உண்மையிலேயே எடுக்கப்படுகிறதா என்பதையும் அவர் அறியார். இத்தகைய சந்தையில் விலையை மட்டும் கேட்பவருக்கு விலையை மட்டும் குறைத்த பொருளே கிடைக்கும். தேவையை எழுத்தில் வைப்பவரோ போட்டியை விலையிலிருந்து பணியின் தரத்திற்கு மாற்றிவிடுகிறார்.

அரசுக் கொள்முதலில் இக்கோட்பாடு நெடுங்காலமாக ஏற்கப்பட்டுள்ளது. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளில் 144ஆவது விதி, வாங்கப்படும் பொருளின் தரம், வகை, அளவு ஆகியவை அமைப்பின் குறிப்பிட்ட தேவையைக் கருதித் தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும் என்று பணிக்கிறது. அடிப்படைத் தேவையை நிறைவு செய்ய வேண்டும். வீண் செலவுக்கு வழிவகுக்கும் மிகையான அம்சங்களைச் சேர்க்கலாகாது என்பதும் அவ்விதியின் கூறாகும். அமைச்சகங்களுக்கு வகுக்கப்பட்ட இந்த ஒழுங்கு, இரண்டு அறைகளில் இயங்கும் சங்கத்திற்கும் முற்றிலும் பொருந்தும்.

இணையதளம் தேவைதானா?

குறிப்பு எழுதத் தொடங்குமுன் ஒரு வினாவுக்கு விடை காண வேண்டும். உத்தேசித்துள்ள பணிக்குச் சொந்த இணையதளம் தேவைதானா? கடையின் இருப்பிடத்தையும் நேரத்தையும் மட்டும் தெரிவிப்பதாயின் இணைய வரைபடத்தில் பதிவு செய்தல் போதும். அரசு அலுவலகங்களுக்கு விற்பதே நோக்கமாயின் 2016இல் தொடங்கப்பட்ட ஜெம் எனப்படும் அரசு மின் சந்தையில் பதிவு பெறுவதே முதற்பணி. தற்போதைய விற்பனை முழுவதும் தெரிந்த வாடிக்கையாளர்களிடமே நடைபெறுவதாயின், அலைபேசிச் செய்தியும் யு.பி.ஐ. வழிப் பணம் பெறுதலும் சில காலத்திற்குப் போதுமானவை. சொந்தப் பெயர், சொந்த விலைப்பட்டியல், சொந்த வாடிக்கையாளர் பதிவேடு ஆகியவற்றைத் தம் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்ற நிலை வரும்போதுதான் ஹோஸ்டிங் தேவையாகிறது.

குறிப்பில் இடம்பெற வேண்டியவை

விளக்கத்திற்காக, மத்தியப் பிரதேசத்தில் அசோக்நகர் மாவட்டத்திலுள்ள சந்தேரியில் ஒரு நெசவாளர் சங்கத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். பட்டும் பருத்தியும் கலந்த சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. சங்கம் முதன்முறையாக இணையதளம் அமைக்க முற்படுகிறது. அதன் குறிப்பு எவற்றைக் கூற வேண்டும்?

முதலாவது, பணி. "ஐந்து ஜி.பி. இடமும் இரண்டு ஜி.பி. நினைவகமும் வேண்டும்" என்று தொடங்குவது பிழையான தொடக்கம். அது எங்கோ படித்த எண்ணாக இருக்கக்கூடும். "எங்கள் சேலைகளைப் படத்துடன் காட்ட வேண்டும், வாங்க விரும்புவோர் ஆர்டர் தந்து பணம் செலுத்த வேண்டும்" என்று தொடங்குவதே முறை. வருவோர் செய்யப்போகும் செயலை விவரித்தால், அதற்கு வேண்டிய கருவியை அறிந்தவர் தேர்ந்து கூறுவார்.

இரண்டாவது, அளவு. இதனை எளிய கணக்கால் காணலாம். சங்கம் 300 சேலைகளைக் காட்டுகிறது. சேலைக்கு 4 படங்கள். படம் ஒன்று சராசரியாக 200 கே.பி. எனில் மொத்தம் ஏறத்தாழ 240 எம்.பி. இடமே தேவை. 50 ஜி.பி. தருவதாகக் கூறும் விளம்பரத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை என்பது இதனால் விளங்கும். அடுத்து, நாளொன்றுக்கு 100 பேர் வந்து, ஒவ்வொருவரும் 3 பக்கங்களைக் காண்பதாகவும், பக்கம் ஒன்று 2 எம்.பி. அளவுடையதாகவும் கொண்டால், 30 நாள்களுக்கு 18,000 எம்.பி., அதாவது சுமார் 18 ஜி.பி. தரவு பரிமாறப்படும். இக்கணக்கு துல்லியமாக இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த ஊகத்தின்மீது கணக்கிடப்பட்டது என்பதையும் சேர்த்து எழுதினால், அதில் பிழையிருப்பின் அறிந்தவர் திருத்துவார்.

மூன்றாவது, உச்ச நேரம். சராசரியை மட்டும் கூறுவது ஏமாற்றக்கூடியது. தசராவுக்கும் தீபாவளிக்கும் முந்தைய வாரங்களிலும், திருமணப் பருவத்திலும் வருகை பன்மடங்காகும். "ஆண்டில் இரண்டு மாதங்கள் வருகை ஐந்து மடங்காகும் என எதிர்பார்க்கிறோம்" என்ற ஒரு வாக்கியம், பண்டிகைக் கால விற்பனையைக் காப்பாற்றும் வாக்கியமாகும். தேர்வு முடிவு வெளியிடும் பயிற்சி நிலையத்திற்கும் இது பொருந்தும்.

நான்காவது, வருவோர் இருக்குமிடமும் மொழியும். வாடிக்கையாளர் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தால், இந்தியாவிலுள்ள சர்வர் பக்கங்களை விரைந்து தரும். இந்திய மொழிகளில் பக்கங்கள் இருக்குமாயின் அதனையும் கூற வேண்டும். இன்று பரவலாக வழங்கும் யூ.டி.எஃப். 8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட்டும், தேவநாகரி அல்லது தமிழ்க் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டும் தேவைப்படுகின்றன. இதனால் இடம் பெரிதும் கூடிவிடாது. ஆனால் தேடுதல், வரிசைப்படுத்துதல், மின்னஞ்சல் அனுப்புதல் ஆகியவை அம்மொழியில் சரியாக நடைபெறுகின்றனவா என்பதை முன்கூட்டியே சோதிக்க அது வழிசெய்யும்.

ஐந்தாவது, நடத்துபவர் யார் என்பது. குறிப்புகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இதுவேயாகும். மலிவான வி.பி.எஸ். ஒன்றை வாங்கிவிட்டு, அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களைச் செய்ய ஆளில்லாமல் விடுவது, டிராக்டரை வாங்கிவிட்டு ஓட்டுநரைத் தேடாமல் இருப்பதற்குச் சமம். "எங்கள் அலுவலகத்தில் கணக்கர் ஒருவரே இதனைக் கவனிப்பார், படம் ஏற்றவும் விலை மாற்றவும் அவருக்குத் தெரியும், சர்வரை நிர்வகிக்கத் தெரியாது" என்று உள்ளபடி எழுத வேண்டும். இதில் வெட்கப்பட ஏதுமில்லை. பராமரிப்பும் சேர்ந்த சேவை விலையில் சற்றுக் கூடுதலாக இருப்பினும், இத்தகைய சங்கத்திற்கு அதுவே சிக்கனமானது.

ஆறாவது, எவ்வளவு நேரத் தடை பொறுக்கத்தக்கது என்பது. 99.9 சதவீத இயக்கம் என்று நிறுவனங்கள் உறுதியளிக்கின்றன. ஆண்டிற்கு 8,760 மணி நேரம். ஆகவே 99.9 சதவீதம் என்பது ஆண்டில் ஏறத்தாழ 8 மணி 45 நிமிடத் தடையை அனுமதிக்கிறது. 99 சதவீதமாயின் அது 87 மணி நேரத்தைத் தாண்டும். மூன்றரை நாள்களுக்கு மேல். தசம புள்ளிக்குப் பின் வரும் ஓர் இலக்கம் எத்தனை பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பது கவனிக்கத்தக்கது. தகவல் மட்டும் தரும் இணையதளத்திற்கு இரண்டு மணி நேரத் தடை பெரிதன்று. ஆர்டர் பெறும் இணையதளத்திற்குப் பண்டிகை வாரத்தில் அது பெரும் இழப்பு.

ஏழாவது, இழக்கக் கூடாதவை எவை என்பது. 2021ஆம் ஆண்டு மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் பெரிய தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் பிரதி வைத்திராத வாடிக்கையாளர்கள் பலர் தம் தரவுகளை நிரந்தரமாக இழந்தனர். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் டேஜியான் நகரில் அந்நாட்டு அரசின் தரவு மையத்திலேயே தீ மூண்டது. நூற்றுக்கணக்கான அரசு மின் சேவைகள் நிறுத்தப்பட்டன. அரசு ஊழியர்களின் கோப்புகளைச் சேமித்த தொகுப்பு ஒன்று, வெளியே பிரதி இல்லாமையால், மீட்க இயலாதபடி அழிந்தது. வளம்மிக்க நாடுகளுக்கே நேர்ந்த இவ்விபத்துகள் சிறு நிறுவனங்களுக்குத் தரும் பாடம் தெளிவானது. எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரதி எடுக்கப்படும், அது வேறு ஊரில் வைக்கப்படுமா, வாடிக்கையாளர் தாமே அதனை இறக்கிக்கொள்ள முடியுமா, மீட்டுத் தரக் கட்டணம் உண்டா என்ற நான்கு வினாக்களும் குறிப்பில் இருக்க வேண்டும்.

எட்டாவது, பிறரைப் பற்றிய தகவல்கள். பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றைப் பெறும் எந்த இணையதளமும் பொறுப்பை ஏற்கிறது. எண்ணியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் நிறைவேற்றப்பட்டது. அது படிப்படியாக நடைமுறைக்கு வரும் வகையில் விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. தக்க பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறுவோருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. ரிசர்வ் வங்கியின் கட்டளைப்படி, 2022 அக்டோபர் 1 முதல் வணிகர்கள் வாடிக்கையாளரின் அட்டை விவரங்களைத் தம்மிடம் சேமித்து வைக்கலாகாது. ஆகவே பணம் பெறும் பணியை அதற்கென உள்ள கட்டணச் சேவை நிறுவனத்திடம் விட்டுவிடுவதே முறை. குறிப்பிலும் அவ்வாறே எழுத வேண்டும்.

ஒன்பதாவது, பணம். தாங்கக்கூடிய ஆண்டுச் செலவைக் கூறினால் விற்பவர் அந்த எல்லை வரை விலையை ஏற்றிவிடுவார் என்ற அச்சம் பலரிடம் உண்டு. ஒருவரிடம் மட்டும் விலை கேட்டால் அந்த அச்சம் நியாயமானதே. ஒரே குறிப்பை மூவரிடம் தந்தால் போட்டியே காவலாகிறது. எல்லை தெரிந்தால்தான் அதற்குள் எது இயலும், எதனைத் தள்ளிப்போடலாம் என்று அறிந்தவர் ஆலோசனை கூற முடியும்.

எழுதக் கூடாதவையும் உண்டு. கடவுச்சொற்கள், வங்கி விவரங்கள், உண்மையான வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை விலை விசாரிக்கும் கடிதத்தில் இடம்பெறவே கூடாது.

ஒரு மாதிரிக் குறிப்பு

மேற்கூறியவற்றைச் சங்கம் இவ்வாறு ஒரே பக்கத்தில் அடக்கலாம்:

"நாங்கள் 60 உறுப்பினர்கள் கொண்ட நெசவாளர் சங்கம். இதுவரை எங்களுக்கு இணையதளம் இல்லை. சுமார் 300 சேலைகளைப் படத்துடன் காட்டி, இந்தியாவுக்குள் ஆர்டர் பெற விரும்புகிறோம். பணம் கட்டணச் சேவை நிறுவனம் வழியே பெறப்படும். பக்கங்கள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். நாளொன்றுக்கு 100 பேர் வருவார்கள் என்பது எங்கள் ஊகம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் 500 ஆகலாம். இரண்டு ஆண்டுகளில் சேலைகளின் எண்ணிக்கை இரு மடங்காகும். வேர்ட்பிரஸ் மென்பொருளைப் பயன்படுத்துமாறு எங்களுக்குக் கூறப்பட்டுள்ளது; வேறு ஏற்றது இருப்பின் காரணத்துடன் தெரிவிக்கவும். எங்கள் கணக்கர் படமும் விலையும் மாற்றுவார். சர்வர் நிர்வாகம் உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டும். ஆர்டர் விவரங்களுக்கு நாள்தோறும், மற்றவற்றுக்கு வாரந்தோறும் வேறிடத்தில் பிரதி வேண்டும். 3 மின்னஞ்சல் முகவரிகள் தேவை. ஆண்டுக்கு வரி உட்பட 6,000 ரூபாய் வரை செலவிட இயலும். டொமைன் பெயர் சங்கத்தின் பெயரிலேயே பதிவு செய்யப்பட வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தையும் புதுப்பித்தல் கட்டணத்தையும் தனித்தனியே தெரிவிக்கவும்."

இக்குறிப்பில் தொழில்நுட்பச் சொற்கள் மிகச் சிலவே. ஆயினும் அனுபவமுள்ள பொறியாளர் ஒருவர் இதனைப் படித்தவுடன் எத்தகைய சேவை போதும் என்பதைக் கூறிவிடுவார். "இரு மடங்காகும்" என்ற சொல்லிலிருந்து பின்னர் பெரிய திட்டத்திற்கு மாறும் வசதி தேவை என்பதும், "காரணத்துடன் தெரிவிக்கவும்" என்பதிலிருந்து வாங்குபவர் கேட்டறிய விரும்புபவர் என்பதும் அவருக்குப் புலனாகும்.

விடைகளை ஒப்பிடுதல்

குறிப்பை அனுப்பிய பின் வரும் விடைகளே நிறுவனங்களின் தரத்தை ஓரளவு காட்டிவிடும். படித்துப் பார்க்காமல் அச்சடித்த விலைப்பட்டியலை அனுப்புவோர் உண்டு. "ஒரே நேரத்தில் எத்தனை பேர் ஆர்டர் தருவர்?", "படங்களைச் சிறிதாக்கி ஏற்ற இயலுமா?" என்று திருப்பிக் கேட்போரும் உண்டு. பின்னவரே பெரும்பாலும் நம்பத்தக்கவர். கேட்ட வினாவுக்கு இன்று எழுத்தில் விடை தராதவர், இணையதளம் முடங்கிய நள்ளிரவில் விடை தருவார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை.

விலையை ஓராண்டுக்கு ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒரு நிறுவனம் முதலாண்டுக்கு 1,200 ரூபாயும், பின்னர் ஆண்டுக்கு 4,800 ரூபாயும் கேட்பதாகவும், மற்றொன்று ஒவ்வோர் ஆண்டும் 3,000 ரூபாய் கேட்பதாகவும் கொள்ளலாம். முதலாண்டில் மலிவாகத் தோன்றிய முன்னதற்கு மூன்றாண்டுச் செலவு 10,800 ரூபாய். பின்னதற்கு 9,000 ரூபாய். 18 சதவீதச் சரக்கு சேவை வரியைச் சேர்த்தால் இவை முறையே 12,744 ரூபாயும் 10,620 ரூபாயும் ஆகும். இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் கேட்கப்பட்டால் அதன் காரணத்தையும் வினவ வேண்டும். லெட்ஸ் என்க்ரிப்ட் என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு இத்தகைய சான்றிதழை இலவசமாகவே வழங்கி வருகிறது.

பெயர் யாருடையது?

எல்லாவற்றிலும் பெரிய இழப்பு சர்வரில் நிகழ்வதில்லை, பதிவேட்டில் நிகழ்கிறது. இணையதளத்தின் முகவரியாகிய டொமைன் பெயர், அதனை வடிவமைத்துத் தந்த இளைஞரின் பெயரிலோ இடைத்தரகரின் பெயரிலோ பதிவாகிவிடுவது பரவலாகக் காணப்படும் குறையாகும். உறவு நன்றாக இருக்கும்வரை இது தெரியவருவதில்லை. அவர் வேறு வேலைக்குச் சென்றபின், புதுப்பிக்க வேண்டிய நாள் வரும்போதுதான், பல ஆண்டுகள் பைகளிலும் ரசீதுகளிலும் அச்சிட்டு வந்த பெயர் தமக்குச் சொந்தமில்லை என்பதைச் சங்கம் அறிகிறது.

டொமைன் பெயர் வெறும் முகவரியன்று. வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு அதற்கும் உண்டு என்று உச்சநீதிமன்றம் சத்யம் இன்ஃபோவே வழக்கில் 2004ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துள்ளது. டாட் இன் என முடியும் பெயர்களை நிக்ஸி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் நிர்வகித்து வருகிறது. அப்பெயர்கள் குறித்த பிணக்குகளைத் தீர்க்கத் தனி நடைமுறையும் உண்டு. ஆயினும் வழக்காடிப் பெறுவதைவிட முதல் நாளிலேயே சரியாகப் பதிவு செய்வது எளிது. பதிவுக் கணக்கு சங்கத்தின் பெயரிலும், ஒரு தனிநபரைச் சாராத அலுவலக மின்னஞ்சலிலும் இருக்க வேண்டும். புதுப்பிக்கும் நாள் தீர்மானப் புத்தகத்தில் எழுதப்பட வேண்டும். டொமைன் பெயரையும் ஹோஸ்டிங்கையும் வெவ்வேறு நிறுவனங்களிடம் பெறுவதும் சிந்திக்கத்தக்கது. ஒன்றோடு பிணக்கு நேரினும் மற்றது கையில் இருக்கும். வேறு நிறுவனத்திற்கு மாற விரும்பினால் கோப்புகளும் தரவுகளும் எந்த வடிவில், எத்தனை நாளில் தரப்படும் என்பதையும் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியது

1978ஆம் ஆண்டு முதல் நாட்டில் மாவட்டத் தொழில் மையங்கள் இயங்கி வருகின்றன. இயந்திரம் வாங்கவும் வங்கிக் கடன் பெறவும் திட்ட அறிக்கை எழுதுவதில் அவை சிறு தொழில்களுக்கு வழிகாட்டி வந்துள்ளன. அதே முறையில், இணையச் சேவைகளுக்கான ஒரு பக்கத் தேவைக் குறிப்பின் மாதிரியை வட்டார மொழிகளில் வழங்குவது அம்மையங்களுக்கும் கூட்டுறவுப் பயிற்சி நிலையங்களுக்கும் கடினமான பணியன்று. இதற்குப் பெரும் நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

தொழில் முனைவோரின் பங்கும் சிறிதன்று. இணையதளம் பற்றிய பேச்சைத் தொடங்கும் முன், சங்கத்தின் நிர்வாகக் குழு ஒரு மணி நேரம் கூடியமர்ந்து, வருவோர் யார், அவர்கள் செய்யப்போவது என்ன, நடத்துபவர் யார், இழக்கக் கூடாதது எது, செலவிட இயல்வது எவ்வளவு என்ற ஐந்து வினாக்களுக்குத் தாமே விடை எழுத வேண்டும். விடை தெரியாத இடத்தில் "தெரியவில்லை, ஆலோசனை தேவை" என்று எழுதலாம். அதுவும் ஒரு தகவலே. தறியில் பாவு ஓட்டுமுன் சேலையின் நீளத்தையும் அகலத்தையும் நெசவாளர் முடிவு செய்துகொள்கிறார். இணையத்தில் இடம் தேடுமுன்னரும் அந்த முன்யோசனையைக் கைக்கொள்வோர், தம் பணத்தையும் பெயரையும் பதிவேடுகளையும் ஒருங்கே காத்துக்கொள்வர்.